கோலசிலாங்கூரில் ஒரு பின் சீட்டுக்காரன்

விமான நிலைய வாசலில் கயல் நின்றிருந்தாள். ஓடிவந்து கையைப் பிடித்தாள். இளைத்துவிட்டீர்கள் என்றாள். ஊறுகாய் கொட்டாமல் வந்ததா என்று கேட்டாள். எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்புறம் ஒரு பிக்அப் வண்டி வந்து நின்றது. ஓட்டிவந்தவன் இறங்கி என் பெட்டியைத் தூக்கி உள்ளே போட்டான். கயல் முன் கதவைத் திறந்து ஜம்மென்று ஏறி உட்கார்ந்துகொண்டாள். தாலி கட்டிய புருஷன் நான், ஊறுகாய் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு பின் சீட்டில்.

"பழக்கத்துல ஏறிட்டேங்க," என்று கொஞ்ச தூரம் போனபிறகு திரும்பிச் சொன்னாள்.

பழக்கத்துல! எனக்கு மலேசியா முழுவதும் கசந்துபோக அந்த ஒரு வார்த்தை போதும்.

ஓட்டியவன் பெயர் சிவா. வடக்கு சிலாங்கூரில் நெல் விளைகிற பக்கம் ஒரு விதைநெல் கம்பெனி இருக்கிறது. கயலுக்கு அதில் நெல்லுக்கு வரும் நோய்களைக் கண்டுபிடிக்கிற வேலை, சிவா அங்கே வயல் மேற்பார்வை. அவள் வயலுக்குப் போகும்போதெல்லாம் அவன்தான் வண்டி. ஒல்லியான ஆள். சிரித்தால் கன்னத்தில் குழி விழும். அதையும் முதல் நாளே கவனித்துத் தொலைத்தேன்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு மன்னார்குடிப் பக்கம். இரண்டு அறுவடை மிஷின் வைத்து வாடகைக்கு விடுகிறேன். கல்யாணம் ஆன பத்தாவது நாள் கயல் வேலைக்குத் திரும்ப விமானம் ஏறிவிட்டாள். நடுவில் ஒரு தடவை வந்தாள், கல்யாணத்தைப் பதிவு செய்துகொண்டோம், திரும்பவும் போய்விட்டாள். ஒரு வருஷத்துக்கும் மேலாகப் போனிலேயே குடித்தனம். சண்டை போட்டால் சமாதானம் செய்யக்கூட சிக்னல் வேண்டும். இனி முடியாது, நீங்கள் இங்கே வந்துவிடுங்கள் என்றாள். அதற்குத்தான் டிபெண்டண்ட் விசா. அதாவது, அங்கே சம்பாதிக்கிறவரை நம்பி அவரோடு தங்குகிறவருக்குக் கொடுக்கும் அனுமதி. வேலை பார்க்கக் கூடாது. எங்கள் ஊரில் அந்த விசாவில் பெண்டாட்டிகள்தான் போவார்கள். விஷயம் தெரிந்ததும் என் மிஷின் டிரைவரே வேறு பக்கம் பார்த்துச் சிரித்தான்.

கம்பெனி மனுப் போட்டு ஒப்புதலும் வாங்கிவிட்டது. குறித்த நாளில் நான் பாஸ்போர்ட்டோடு குடிநுழைவு அலுவலகத்தில் போய் நிற்க வேண்டியதுதான் பாக்கி. குடிநுழைவு என்றால் இமிகிரேஷன். அங்குள்ள தமிழர்கள் அப்படித்தான் அழகாகச் சொல்கிறார்கள். அந்த நாளைத் தவறவிட்டால் அடுத்த நாள் கிடைப்பதற்குள் என் வருகை அனுமதி தீர்ந்துவிடும். அப்புறம் திரும்ப ஊர், திரும்பப் போன். "இன்னொரு வருஷம் என்னால முடியாதுங்க," என்று கயல் சொல்லியிருந்தாள். என்னாலும் முடியாது. ஆனால் அந்த நாளுக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. பொறாமைக்காரனுக்கு மூன்று வாரம் ரொம்ப அதிகம்.

கோலசிலாங்கூரில் அவள் வீடு வரிசையாகக் கட்டிய வீடுகளில் ஒன்று. காலையில் வாசலில் இரண்டு தடவை ஹாரன் கேட்கும். பாதி தோசையை வைத்துவிட்டு ஓடுவாள். "வந்துட்டேன்லா!" என்று வாசலைப் பார்த்துக் கத்துவாள். இந்த 'லா' அங்கே எல்லாப் பேச்சின் வாலிலும் ஒட்டிக்கொண்டு வருகிறது. மற்றவர்கள் சொன்னால் காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. என் பெண்டாட்டி அவனைப் பார்த்துச் சொன்னால் பற்றிக்கொண்டு வந்தது. மிச்சத் தோசையை நான்தான் தின்பேன்.

ஞாயிற்றுக்கிழமை மலைக்குக் கூட்டிப்போனாள். மலை என்றால் பெரிய மலை இல்லை, ஊருக்குள்ளேயே ஒரு குன்று. மேலே கலங்கரை விளக்கம், பீரங்கிகள், மரத்துக்கு மரம் குரங்குகள். சாம்பல் நிறக் குரங்கு, அதன் வயிற்றில் தொங்குகிற குட்டி மட்டும் ஆரஞ்சு நிறம். அடேயப்பா, அப்படி ஒன்றை நான் பார்த்ததே இல்லை. எங்கள் பக்கத்துக் குரங்காக இருந்தால் இந்நேரம் கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டு ஓடியிருக்கும். இது என் உள்ளங்கையிலிருந்து பயற்றங்காயை ஒவ்வொன்றாக எடுத்து மரியாதையாகத் தின்றது.

"பயத்தங்காய்தான் குடுக்கணும், பிஸ்கட் குடுக்கக் கூடாதுன்னு சிவா சொல்லிருக்கான்," என்றாள் கயல்.

குரங்குக்குக்கூட அவன்தானா?

ஆற்றோரம் மின்மினி பார்க்கப் படகில் போவார்களாம். மரம் முழுக்கப் பூச்சி மின்னுமாம். "நீ பாத்திருக்கியா?" என்றேன். "வந்த புதுசுல ஆபீஸ்ல எல்லாரும் போனோம், சிவாதான் கூட்டிட்டுப் போனான்," என்றாள். எனக்குப் பூச்சியென்றால் பிடிக்காது என்று சொல்லிவிட்டேன். வயலிலேயே பிறந்து வளர்ந்தவன் சொல்கிற பேச்சா அது! கயல் ஒரு மாதிரி பார்த்தாள்.

சாப்பாட்டிலும் நிம்மதி இல்லை. நாசி லெமாக் என்று தேங்காய்ப்பாலில் வேகவைத்த சோறு. மேலே நெத்திலி சம்பல், வறுத்த கடலை, பாதி முட்டை, இலையில் கூம்பு மாதிரி கட்டிக் கொடுக்கிறார்கள். சும்மா சொல்லக்கூடாது, முதல் வாயிலேயே சொக்கிப்போய்விட்டேன். மூன்று பொட்டலம் உள்ளே போனது. எந்தக் கடை என்று கேட்டதுதான் தப்பு. "சிவா வாங்கிட்டு வந்தது," என்றாள். நாலாவதைப் பிரிக்காமல் மூடி வைத்தேன். அவள் குளிக்கப் போனதும் பிரித்தேன்.

இரண்டாவது வாரம் வயலுக்கு என்னையும் கூட்டிப்போனார்கள். சுங்கை பஞ்சாங் பக்கம். இந்தத் தடவை கயல் எனக்காக முன் சீட்டை விட்டுக்கொடுத்தாள். ஏறி உட்கார்ந்தால் முழங்கால் முன்னால் இடிக்கிறது. சீட் அவள் காலுக்கு அளவெடுத்துத் தள்ளி வைக்கப்பட்டிருந்தது. நகர்த்துகிற பிடி எங்கே என்று கேட்க எனக்கு மனசில்லை. வழியெல்லாம் மடக்கிய காலோடே போனேன்.

போய் இறங்கினோம். கண்ணுக்கெட்டியவரை ஒரே மட்டத்தில் நெல், நூல் பிடித்த மாதிரி வாய்க்கால், வாய்க்கால் நிறையத் தண்ணீர். நாங்கள் மேட்டூரைத் திறந்தார்களா இல்லையா என்று பேப்பரைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். இங்கே மடையைத் திருப்பினால் தண்ணீர் வருகிறது, கேட்பாரில்லை. ஒரு வயலில் அறுவடை நடந்துகொண்டிருந்தது. என் மிஷினைப் போல இரண்டு மடங்கு அகலம், சேற்றில் வெண்ணெயாக ஓடுகிறது. வாய்விட்டே சொல்கிறேன், அந்த மிஷினைப் பார்த்தும் வயிறு எரிந்தது. பக்கத்தில் போய்த் தடவிக்கூடப் பார்த்தேன்.

"அண்ணே, ஒங்களுக்கு மிஷின்னா உசிராமே? கயலு எப்பவும் சொல்லும்," என்றான் சிவா.

என்னைப் பற்றிக்கூட அவள் அவனிடம்தான் பேசியிருக்கிறாள்! வேறு எவனாவது சொல்லியிருந்தால் பூரித்துப்போயிருப்பேன். இவன் சொன்னதால் "ம்" என்றேன்.

வரப்பில் கயல் குனிந்து நெல் தாளைப் பிரித்துப் பார்த்துக்கொண்டே கையை நீட்டினாள். அவள் கேட்கவே இல்லை. சிவா தண்ணீர் பாட்டிலை அந்தக் கையில் வைத்தான். குடித்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமலே நீட்டினாள், வாங்கிக்கொண்டான். ஒன்றுமில்லாத விஷயம்தான். அன்று முழுக்க எனக்கு அந்தப் பாட்டில்தான் கண்ணிலேயே நின்றது.

திரும்பும் வழியில் ஒரு ஒட்டுக்கடை. சாலையோரம் தகரம் போட்ட சாப்பாட்டுக் கடையை அங்கே அப்படிச் சொல்கிறார்கள். கடைக்கார அக்கா, "பசியாறிட்டீங்களா?" என்று கேட்டுக்கொண்டே கயலுக்குச் சீனி இல்லாமல், சிவாவுக்குச் சீனி தூக்கலாக, யாரையும் கேட்காமல் டீ கொண்டுவந்து வைத்தார். என்னை மட்டும் கேட்டார். நான் யார் என்று கயல் சொன்னதும் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். "ஐயோ, வீட்டுக்காரரா! மொத மொத பாத்தப்போ நான் இவங்க ரெண்டு பேரத்தான் ஒரே வீடுன்னு நெனச்சிட்டேன், தம்பி!" என்று சொல்லி, விழுந்து விழுந்து சிரித்தார். கயலும் சிரித்தாள், சிவாவும் சிரித்தான். நானும் பல்லைக் காட்டினேன். உள்ளே என்ன ஓடியது என்பது எனக்குத்தான் தெரியும்.

அன்று வீட்டில் கேட்டேவிட்டேன். "அவன் எதுக்கு இம்புட்டு ஒட்டிக்கிட்டுத் திரியிறான்?"

கயல் உலை வைத்துக்கொண்டிருந்தாள். "நான் வந்து எறங்குனப்ப எனக்கு இங்க ஒருத்தரையும் தெரியாதுங்க. கேஸ் அடுப்பு வாங்குறதுலேருந்து காய்ச்சலுக்கு ஆஸ்பத்திரி போறவரைக்கும் அவன்தான் இருந்தான். நீங்க இருந்தீங்களா?"

"நான் எப்படி இருப்பேன்?"

"அதுக்குத்தானே இப்ப வரச் சொல்லிருக்கேன்," என்று அடுப்பைச் சிறிதாக்கினாள்.

அந்த நாள் வந்தது. குடிநுழைவு அலுவலகம் இருக்கிற ஷா ஆலாமுக்குப் போக வேண்டும். கயல் ஷூவை எடுத்து முன்னால் வைத்தாள். "செருப்பு போட்டா உள்ள விடமாட்டாங்க, இத மாட்டுங்க." கல்யாணத்துக்கு வாங்கிய ஷூ. அன்றைக்கப்புறம் அதைப் போட்டதே இல்லை. சிவாதான் வண்டி, வேறு யார்? வழியில் ஈஜோக்கில் அவன் வீட்டில் பசியாறிவிட்டுப் போகலாம், அம்மா தோசை சுட்டு வைத்திருக்கிறார் என்றான்.

அவன் வீடு பழைய தோட்டத்து லயத்தில் இருந்தது. தோட்டத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிக்கொடுத்த வீடுகளுக்குப் பெயர் லயம். சுற்றிலும் எண்ணெய் எடுக்கிற செம்பனை மரம். சிவாவின் அம்மா வாசலிலேயே நின்றிருந்தார். "வாங்க தம்பி, வாங்க. டேய், காடிய நெழல்ல போடுடா," என்றார். காடி என்றால் வண்டி. உட்காரவைத்துத் தோசைமேல் தோசையாகப் போட்டார். மகனைப் பற்றிப் பெருமை வேறு. "எங்க மாமனாரு கித்தாக் காட்டுல மண்டோரு. எம்மவன் நெல்லு வயலுக்கு மண்டோரு!" என்றார். கித்தா என்றால் ரப்பர், மண்டோர் என்றால் ஆட்களை மேய்க்கிற மேற்பார்வையாள். நல்ல மனுஷி. அவரிடம் கோபப்பட எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

கை கழுவிவிட்டு வரும்போதுதான் பார்த்தேன். டீவிக்குப் பக்கத்தில் கண்ணாடி போட்ட படம். முழுக்கைச் சட்டை, கழுத்தில் மாலையோடு சிவா. பக்கத்தில் சிரித்தபடி கயல். அவள் கட்டியிருந்தது என்ன சேலை தெரியுமா? எங்கள் கல்யாணக் கூரைப் புடவை! எங்கள் அம்மா கும்பகோணம் போய் நாள் முழுக்க உட்கார்ந்து எடுத்த அரக்குச் சிவப்பு.

"இது என்னம்மா படம்?" என்றேன்.

"அதுவா? ரெஜிஸ்டரு அன்னிக்கு எடுத்தது தம்பி," என்று சொல்லிவிட்டு, அடுப்பில் தோசை கருகுகிறது என்று உள்ளே ஓடிவிட்டார்.

ரெஜிஸ்டர்! எங்கள் ஊரில் ரெஜிஸ்டர் கல்யாணம் என்றால் ஒன்றே ஒன்றுதான். வீட்டுக்குத் தெரியாமல் இரண்டு பேர் பஸ் ஏறிப் போவார்கள், கூட்டாளிகள் சாட்சிக் கையெழுத்துப் போடுவார்கள், போலீஸ் ஸ்டேஷனில் பஞ்சாயத்து நடக்கும். புத்திக்குத் தெரியும், அப்படியெல்லாம் இருக்காது. கயல் அப்படிப்பட்டவள் இல்லை. ஆனால் மூன்று வாரமாக வெந்துகொண்டிருக்கும் வயிற்றிடம் புத்தி போய் என்ன பேசும்?

வண்டி ஏறினோம். செம்பனைக்கு நடுவே செம்மண் சாலை. கொஞ்ச தூரம்கூடத் தாங்க முடியவில்லை.

"நிறுத்துடா வண்டிய!"

சிவா பதறி ஓரமாக ஒடித்தான். இறங்கினேன். "நான் வரல. எனக்கு எந்த விசாவும் வேணாம். நீங்க ரெண்டு பேரும் நல்லா இருங்க. நான் ஊருக்குப் போறேன்." ஊர் எந்தத் திசை என்றுகூடத் தெரியாமல் நடக்க ஆரம்பித்தேன்.

கயல் பின்னாலேயே ஓடிவந்தாள். "என்ன ஆச்சு ஒங்களுக்கு? இன்னிக்கு விட்டா அவ்வளவுதான், தெரியுமா தெரியாதா?"

"கூரைப் புடவையக் கட்டிக்கிட்டு அவன் பக்கத்துல நின்னு சிரிச்சியே, அப்பத் தெரியலையா? ரெஜிஸ்டராம், ரெஜிஸ்டரு!"

அவள் அப்படியே நின்றுவிட்டாள். முகம் சிவந்தது. அழப்போகிறாள் என்று நினைத்தேன். இல்லை, கத்தினாள். "நான் கொண்டுவந்த ஒரே பட்டு அதுதான்! ஒரு நல்ல காரியத்துக்குச் சுடிதார்ல போயி நிக்கச் சொல்றீங்களா? அன்னிக்கு ராத்திரியே போன்ல சொன்னேன், சிவாவுக்கு ரெஜிஸ்டர் ஆயிடுச்சுன்னு. நீங்க மிஷின் பக்கத்துல நின்னுக்கிட்டு ஆங் ஆங்குன்னீங்க!"

சிவா மெதுவாக வந்தான். அவன் முகத்தில் சிரிப்பு இல்லை, குழியும் இல்லை. "அண்ணே, அந்தப் படத்த எடுத்தது யாருன்னு கேக்கலியே நீங்க?"

"யாரு?"

"துளசி. என் பொண்டாட்டி."



அவன்தான் விளக்கினான். அங்கே முதலில் அரசாங்கத்தில் பதிய வேண்டும். அந்தத் தாள் இருந்தால்தான் கோயிலில் தாலி கட்ட விடுவார்கள். பதிந்தால் சட்டப்படி புருஷன் பெண்டாட்டி. ஆனால் சாதிசனத்துக்கு அது கல்யாணமே இல்லை. கோயிலில் தாலி ஏறும்வரை அவள் அவள் வீட்டில், இவன் இவன் வீட்டில். இரண்டு பேரும் சேர்ந்து நிற்கும் படத்தைக்கூட மாட்டக் கூடாது என்று துளசியின் அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பார்க்கிறவர்கள் கண் படும், எங்களைக் கூப்பிடாமலே முடித்துவிட்டீர்களா என்று சொந்தம் கோபித்துக்கொள்ளும். மகனின் படம் ஒன்றாவது வேண்டுமே என்று இவன் அம்மா, துளசி இல்லாத படமாகத் தேடிக் கண்ணாடி போட்டு வைத்துவிட்டார்.

"ரெஜிஸ்டர் ஆயி ஒரு வருசம் ஆவப்போவுதுண்ணே. அடுத்த மாசமே அவ அப்பா தவறிட்டாரு, ஒரு வருசத்துக்கு நல்ல காரியம் கெடையாது. இப்ப அது முடியுற நேரத்துல மண்டபம் கெடைக்கல. ரவாங்ல இருக்கா. இங்கேருந்து அரை மணி நேரம். போனா அவங்கம்மா நடுவுல வந்து உக்காந்துக்குவாங்க. டீய குடிச்சிட்டு வந்துருவேன்." தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "ஏர்போட்டுல ஒங்களப் பாத்தப்பவே எனக்கு வயிறெரிஞ்சிச்சுண்ணே. கடல் தாண்டி வந்தீங்க, நேரா ஒரே வீட்டுக்குள்ள போயிட்டீங்க. சத்தியமா, அன்னிக்குத் தூக்கமே வரல."

"வா, போலாம்," என்றேன்.

போவதற்கு வண்டி வேண்டுமே! நான் போட்ட கூச்சலில் ஓரமாக ஒடித்தானே, பின் சக்கரம் மழை ஊறிய மண்ணில் பாதி இறங்கி நின்றது. கயலை ஓட்டச் சொல்லிவிட்டு நாங்கள் இரண்டு பேரும் பின்னால் போய்த் தள்ளினோம். சேற்றில் புதைந்த மிஷினைத் தள்ளிப் பழகிய தோள் எனக்கு. கீழே காய்ந்த செம்பனை மட்டையை இழுத்துப் போட்டு, தம் பிடித்து ஒரு தள்ளு. வண்டி ஏறிவிட்டது. என் வலது கால் ஷூ ஏறவில்லை. இழுத்ததில் மேல்பாகம் மட்டும் காலோடு வந்தது, அடித்தோல் சேற்றிலேயே தங்கிவிட்டது.

புஞ்சாக் ஆலாமைத் தாண்டினோம். கயல் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதும் என் காலைப் பார்ப்பதுமாக இருந்தாள். அலுவலக வாசலில் வண்டியை நிறுத்தியதும் சிவா குனிந்து தன் ஷூவைக் கழற்றி என்னிடம் நீட்டினான்.

"மாட்டிக்கிட்டு ஓடுங்கண்ணே. நேரமாச்சு."

மூன்று வாரமாக யாரைப் பார்த்தாலே ஆகாதோ, அவன் ஷூவை மாட்டிக்கொண்டு, பெண்டாட்டி கையைப் பிடித்துக்கொண்டு ஓடினேன். கொஞ்சம் இறுக்கம்தான். வாசல் காவலர் என் கால்சட்டைச் சேற்றைப் பார்த்தார், ஷூவைப் பார்த்தார், தலையை ஆட்டி உள்ளே விட்டார். எங்கள் எண்ணைக் கடைசி அழைப்பாக அழைத்துக்கொண்டிருந்தார்கள். கயல் "நாங்கதான்! நாங்கதான்!" என்று தமிழிலேயே கத்திக்கொண்டு போனாள். கவுண்டரில் இருந்த பெண்ணுக்குத் தமிழ் தெரியாது, ஆனாலும் சிரித்துவிட்டார்.

பாஸ்போர்ட் கைக்கு வந்தது. வேலை செய்ய அனுமதி இல்லை, இன்னாரைச் சார்ந்தவர் என்று இருந்தது. இன்னார் என்பது கயல். காலையில் அதைப் படித்திருந்தால் கிழித்தே போட்டிருப்பேன். இப்போது இரண்டு தடவை படித்தேன். மிஷின்களை மச்சான் பார்த்துக்கொள்ளட்டும் என்று அங்கேயே ஊருக்குப் போன் போட்டுச் சொன்னேன். கயல் என் சட்டையில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

வெளியே வந்தோம். சிவா வெறுங்காலை மடித்துப் போட்டு வண்டியிலேயே உட்கார்ந்திருந்தான். கையில் போன், போனில் துளசி. வட்ட முகம், நெற்றியில் பொட்டு. "கெடச்சிருச்சாண்ணே?" என்று போனுக்குள்ளிருந்தே கேட்டது அந்தப் பெண். சிவா என் பாஸ்போர்ட்டை வாங்கி, விசாப் பக்கத்தைப் பிரித்துப் போன் முன்னால் பிடித்துக் காட்டினான். அந்தப் பெண் முகத்தைக் கிட்டக் கொண்டுவந்து பார்த்தது. அப்புறம், "இனிமே ஒண்ணாவே இருப்பீங்க லா," என்றது.

"ஆமாம்மா," என்றேன்.

கயல் பழக்கத்தில் முன் கதவைத் திறக்கப் போனாள். அவளே கையை எடுத்துக்கொண்டாள். இரண்டு பேரும் பின் சீட்டில் ஏறினோம். முன் சீட்டு காலியாக இருந்தது. சிவா போனை அதன் எதிரே சாய்த்து நிறுத்தினான். துளசி வழியெல்லாம் அங்கிருந்து பேசிக்கொண்டே வந்தாள். மதியம் என்ன சமைத்தாள், அம்மா என்ன திட்டினார், எந்த மண்டபம் எப்போது காலி என்று ஒன்று விடாமல்.

ஈஜோக் தாண்டும்போது கயல் என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். எனக்கு அந்த ஒரு வருஷமும் மூன்று வாரமும் அந்த இடத்திலேயே கரைந்தது. நிமிர்ந்தேன். கண்ணாடியில் சிவா எங்கள் கையைப் பார்த்துவிட்டு, சட்டென்று சாலையைப் பார்த்தான்.

அந்தப் பார்வை எனக்குத் தெரியும். மூன்று வாரமாக அதே பார்வையோடுதான் அந்த வண்டியில் உட்கார்ந்திருந்தேன்.

கயலின் கையை மெல்ல விட்டுவிட்டேன்.